இரையாத கிட்டார்

நாடகத்தின் கடைசிக் காட்சியில் விளக்குகள் மெல்ல இறங்கும். என் நாத்தனார் மேடை நடுவில் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படிப்பாள். ஓரத்தில் நான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன். விளக்கை இறக்குவது என் கணவர். குடும்பமே சேர்ந்து செய்கிற இந்தக் காட்சியை என் கிட்டார்தான் கெடுக்கிறது என்று இயக்குநர் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் சொன்னது உண்மை என்பதால்தான் அத்தனை கோபம். விளக்கைக் குறைக்கும் கருவி மின்சாரத்தை நறுக்கி நறுக்கி அனுப்பும். கிட்டாரில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் மூன்று பிக்கப்புகளும் தந்தியின் அதிர்வோடு அந்த நறுக்கலையும் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பின. விளக்கு இறங்க இறங்க இரைச்சல் ஏறியது.

"போன மாசம் நீங்க ஸ்டூடியோல வாசிச்சது இருக்கே, அந்த டேப்பையே போட்டுடலாம். உங்க பேரும் இருக்கும்" என்றார் இயக்குநர். நாளை நான்கு மணி ஒத்திகை வரைதான் எனக்குக் கெடு.

எனக்கு நானே சக்களத்தி! டேப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாத்தனார் ஒரு நாள் படித்த மாதிரி மறுநாள் படிக்கமாட்டாள். எங்காவது வரி நடுவில் நின்றுவிடுவாள். நானும் நிற்பேன். அதற்குத்தானே நான் மேடையில் இருக்கிறேன்?

"வேணும்னா கடைசி சீன்ல விளக்கைக் குறைக்காம விட்டுடறேன்" என்றார் கணவர், வீட்டுக்கு வரும் வழியில்.

"கடுதாசி படிக்கிறவ மேல கார் ஷோரூம் மாதிரி வெளிச்சம் அடிக்கப்போறீங்களா? நீங்க பாட்டுக்கு விளக்கை இறக்குங்க. இரைச்சலை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் இசைக்கருவிக் கடை திறந்ததும் இரையாத பிக்கப் ஒரு செட் வாங்கினேன். பார்வைக்குப் பழையது மாதிரியே இருக்கும். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு செம்புச் சுருள்கள். மேலே இருப்பது தந்தியைக் கேட்கும். இரைச்சலை இரண்டுமே கேட்கும், ஆனால் எதிரெதிராகக் கேட்பதால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று தின்றுவிடும். மாட்டித் தர இரண்டு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். என்னிடம் இருந்தது ஆறு மணி நேரம்.

சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தேன். தந்திகளைத் தளர்த்தி, பதினோரு திருகாணிகளைக் கழற்றி, முகப்புத் தகட்டைப் புரட்டிப் போட்டேன். பழைய இணைப்புகளை நோட்டில் வரைந்துகொண்டேன்: எந்த நிறக் கம்பி சுவிட்சுக்கு, எது எர்த்துக்கு. பிறகு சால்டரிங் அயர்னைச் சூடேற்றினேன். முதல் மூட்டில் ஈயம் ஒட்டாமல் மங்கலாக உருண்டு நின்றது. உருக்கி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். நான்காவது மூட்டில் விரலைச் சுட்டுக்கொண்டேன். கணவர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார், பாவம்.

இரண்டரைக்கு மூடினேன். அவருடைய பெட்டியிலிருந்து ஒரு விளக்குக் குறைப்பானை எடுத்து, பல்பைப் பாதியாக இறக்கி, ஸ்பீக்கரில் காதை வைத்தேன். எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் இரைச்சலே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரைச்சல் இல்லை என்ற சந்தோஷத்தில் வாசித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

தோன்றியது அரங்கத்தில், மூன்றரை மணிக்கு. ஒவ்வொரு பிக்கப்பும் தனியாக நன்றாகப் பேசியது. கடிதக் காட்சிக்கு நான் நடுவையும் பின்னதையும் சேர்த்து வாசிப்பேன். அந்த நிலையில் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி வந்தது.

நோட்டைப் பிரித்தேன். நான் வரைந்த படத்தில் நடு பிக்கப்பின் இரண்டு கம்பிகளும் இடம் மாறியிருந்தன. நான் மாற்றியதுதான். ஆறு வருடங்களுக்கு முன் பழைய நடு பிக்கப் போனபோது வேறு கம்பெனியுடையதைப் போட்டேன். அது மற்ற இரண்டோடு ஒத்துப்போகாததால் கம்பிகளை மாற்றிக் கொடுத்திருந்தேன். புது மூன்றும் உடன்பிறப்புகள், மாற்றமே தேவையில்லை. நானோ ஈயடிச்சான் காப்பி அடித்து, இரைச்சலைத் தின்கிற வித்தையால் இசையையும் தின்ன வைத்திருந்தேன்.

பையிலிருந்த சால்டரிங் அயர்னைச் சூடேற வைத்துவிட்டு, மேடையிலேயே உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். உள்ளே வந்த இயக்குநர் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் நடக்குதா? டேப்பை ரெடியா வைங்க. நாலு மணிக்குக் கடைசி சீன்தான் முதல்ல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அவர் கெடக்கறார், நீ செய்" என்று கணவர் என் மடிமேல் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கை முழுதாக ஏற்றினார். இரண்டு கம்பிகளை எடுத்து, இரண்டு கம்பிகளை வைக்க வேண்டும், அவ்வளவுதான். டேப்புக்கு மட்டும் இந்த நாற்காலியை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். கடைசித் தந்தியைச் சுருதி சேர்க்கும்போது அரங்கம் இருண்டது. இயக்குநர் பின் வரிசையில் வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

நாத்தனார் படிக்க ஆரம்பித்தாள். ஓரத்து இருட்டில் நான் வாசித்தேன். விளக்கு பாதிக்கு இறங்கி, அதற்கும் கீழே இறங்கியது. இரைச்சல் வரவில்லை. மூன்றாவது வரியில் அவள் நின்றாள், வழக்கத்தைவிட ரொம்ப நேரம். தந்திகள்மேல் விரலை நிறுத்திக் காத்திருந்தேன். அவள் மூச்சு விடுவது என்வரை கேட்டது. அவள் வரியைச் சொன்னாள், நான் பின்னாலேயே போனேன்.

முடிந்ததும் இருட்டிலிருந்து இயக்குநரின் குரல் வந்தது. "பிரமாதம்! நேத்தே சொன்னேன்ல? டேப்பே போதும்."

மேலே கணவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். நாத்தனார் கடிதத்தை மடித்தபடி குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

"சார், மூணாவது வரி எனக்கு மறந்தே போச்சு. அண்ணி எனக்காக நின்னாங்க. டேப்பா இருந்தா என்னை விட்டுட்டுப் போயிருக்கும்."