நோயலின் உள்ளங்கைச் சாமந்தி

1997 ஆகஸ்டில், ஒசூர்ப் பேருந்து நிலையத்தில், நோயலின் வலது உள்ளங்கையில் ஒரு கடல்சாமந்தி ஒட்டிக்கொண்டது. அதன்பின் அது இறங்கவேயில்லை. அவ்வாண்டின் தக்காளி விலையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, பெங்களூரில் அவன் குடியிருந்த ஒக்கலிபுரம் இதைப் பற்றியும் பேசியது. பேசாதிருந்தவள் அவன் மனைவி குளோரியா மட்டுமே. கதவுப்பிடியைக்கூட டெட்டால் நனைத்த துணியால் துடைத்த பின்னரே தொடுபவள் அவள்.

நோயலுக்குச் சிவாஜிநகரில் அலங்கார மீன் கடை. கடல்சாமந்தி கண்ணாடித் தொட்டிக்குள் பூவாகத் தெரியும். வெளியே எடுத்தால், அடியில் ஒட்டும் பாதமும் மேலே ஒற்றை வாயும் உடைய வழுவழுப்பான சதைப்பை. உண்பதும் கழிப்பதும் அந்த ஒரே வாய்வழிதான். இதை முதன்முதலாகக் கேட்ட நாளில் குளோரியா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். கழிப்பதும் வாய்வழி என்பதால்தான், பயணத்துக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அதற்கு இரை போடலாகாது என்பது தொழிலின் முதல் விதி; வயிறு காலியாக இருந்தால்தான் பையிலுள்ள நீர் கெடாது. தனித்தனி இரட்டைப் பைகளில் கொஞ்சம் கடல்நீரும் மிகுதிக்கு ஆக்சிஜனுமாகக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வெளிச்சம் படாமல் அடுக்க வேண்டும். வழியில் தாமதமானால் மாற்றுவதற்கு ஒரு கேன் கடல்நீரும் உடன்வர வேண்டும். நோயல் இவற்றுள் ஒன்றையும் தவறவிட்டதில்லை. ஆனால் குளோரியாவின் தாய் ஜோசஃபினுடைய தூத்துக்குடி வீட்டிலிருந்து எந்த உயிரும் வெறும் வயிற்றோடு ஊருக்குப் புறப்பட்டதில்லை. திருவிழாவுக்கு வந்த மகளும் மருமகனும் கடைக்கு வாங்கிய சாமந்திகளோடு திரும்பும் நாளில், பேருந்து நகரத் தொடங்கிய பிறகு, அவள் சன்னலோரம் ஓடிவந்து சொன்னாள்: "மாப்ள, கவலப்படாதிய. விடியங்காட்டியே அதுகளுக்கும் றால் நறுக்கிப் போட்டுட்டேன். வாயில்லாச் சீவன்லா!"

வாயைத் தவிர வேறொன்றும் இல்லாத அந்தச் சீவன்கள் ஒசூரை அடைவதற்குள் உண்டதையெல்லாம் கக்கியிருந்தன. பெங்களூரில் பந்த், தமிழ்நாட்டு வண்டிகளை எல்லையில் நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் திறந்தபோது எழுந்த நாற்றத்தில் பக்கத்து இருக்கைகள் தாமாகவே காலியாயின. பைகளுக்குள் பாதி செரித்த இறாலும், கோழையாக உருகிய சதையும், பழுப்புத் திரிகளும் மிதந்தன. கேன் நீர் முழுவதையும் மாற்றிப் பார்த்தும், மாலைக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் கரைந்துபோயின. எஞ்சியதை நோயல் உள்ளங்கையில் ஏந்தினான். அது பாதத்தைப் பதித்தது. அவன் தோலினடியிலிருந்து கடல்நீர் ஊறத் தொடங்கியது. மறுநாள் வண்டி ஓடியபோது அவன் கையை விரித்தபடியே ஊர் வந்து சேர்ந்தான்.

சிவாஜிநகரில் ஒரு மருத்துவர் அதன்மீது விரலை வைத்துப் பார்த்தார். நோயலின் நாடி அங்கே துடித்தது. "அறுத்தா ரெண்டு உயிரும் போயிடும்" என்று கூறி, சீட்டில் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆக, குளோரியாவுக்கு எஞ்சியவை இரண்டு வழிகள்: சகிப்பது, பிரிவது. சகிப்பதற்கு அவள் உடன்படவில்லை. பிரிவதை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தாள். ஐந்தாண்டுகள் அவ்வாறே கழிந்தன. அவன் இடக்கையால் உண்டான். மாலையில் அவள் இடுக்கியால் ஓர் இறால் துண்டை அந்த வாயில் வைப்பாள். காலையில் அது உமிழ்ந்த கோழையுருண்டையைப் படுக்கை விரிப்பிலிருந்து அதே இடுக்கியால் எடுத்தெறிவாள். ஒருமுறையேனும் வெறுங்கையால் தொட்டதில்லை. கூடத்தில் தனிக் கட்டிலில் படுத்தாள். பக்கத்து வீட்டு எல்லம்மா, "இன்னாம்மா இப்டி நாறுது? மார்க்கெட்டு உன் வூட்டுக்கே வந்துட்ச்சா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர் கை" என்றாள் குளோரியா. "அதானா? நான் சாக்கடைனு நெனச்சேன். நல்லில தண்ணி வந்துட்ச்சு, கொடத்த எட்து வா."

2002இல் ஓர் உறவினர் திருமணத்துக்காக மீண்டும் தூத்துக்குடி சென்றார்கள். புறப்படும் காலையில் ஜோசஃபின் இறால் கிண்ணத்தோடு வந்தாள். குளோரியா குறுக்கே நின்றாள்.

"உள்ள கொண்டு போம்மா. ரெண்டு நாளாப் பட்டினி போட்டு வச்சிருக்கேன்."

"அடிப் பாவி, மாப்ளயவா?"

"மாப்ளைக்கு இட்லி குடு. கைக்குக் குடுக்காத."

மறுபடியும் பெங்களூரில் பந்த்; வண்டி ஒசூர் நிலையத்தோடு நின்றது. வெயில் ஏற ஏற நோயலின் உள்ளங்கை ஊற்று வற்றியது. கொண்டுவந்த கேன் கடல்நீரை ஈரத்துணியில் ஊற்றி ஊற்றிக் குளோரியா அதையும் தீர்த்தாள். குழாய்த் தண்ணீர் பட்டால் அது சாகும். சாமந்தி சுருங்கிச் சுருங்கிப் பாக்கு அளவானது. அந்த அளவுக்கே நோயலின் மூச்சும் சுருங்கியது. உதடு நீலம் பாரித்தது. "விட்ரு குளோரி" என்றான்.

"சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தன் வெறும் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்தாள். நத்தையை மிதித்தாற்போலிருந்தது. அடுத்து அவளுடைய தோலிலிருந்து கடல்நீர் கசிந்தது. விரலிடுக்குகளில் வழிந்து சேலையை நனைத்தது. உள்ளே அந்த வாய் மெல்லத் திறந்து அவள் கையைச் சப்பியது. பட்டினியிருந்ததால் ஒன்றையும் கக்கவில்லை. அதற்காக மாதாவுக்கு நன்றி சொன்னாள். நோயல் நீளமாக மூச்சிழுத்தான். எதிரே மூட்டைமேல் அமர்ந்திருந்த பெண் இருவர் கைகளையும், வழியும் நீரையும் பார்த்துவிட்டு, "பெங்களூர் வண்டி எப்ப வுடுவாங்களாம்?" என்று கேட்டாள்.

"சாயங்காலம்னு சொல்றாங்க" என்றாள் குளோரியா.

அன்றுமுதல் ஒக்கலிபுரத்து வீட்டில், விளக்கேற்றியதும் அவள் நோயலின் அருகில் அமர்ந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி சற்று நேரம் கையைக் கொடுத்தாள். பிறகு எழுந்துபோய், டெட்டால் ஊற்றி முழங்கைவரை கழுவினாள்.