அம்பாசடருக்குத் தீர்க்காயுசு

வலியசாலையில் அனந்தபத்மநாபன் வீட்டுக் கார் ஷெட்டில் ஓர் அம்பாசடர் நின்றிருந்தது. அது ஓடியதாகத் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. அதனால் அவர் மனைவி சாவித்ரியின் மின்சார ஸ்கூட்டர் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே குடியிருந்தது. சீரியல் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் அதன் சீட்டில்தான் உட்கார வேண்டும்.

காரை உடைக்கக் கொடுக்க அவர் கடைசியில் சம்மதித்தது சாவித்ரிக்காக அல்ல, மைக்குக்காக. குடியிருப்போர் சங்கத் தலைவராகப் பழைய வாகன மறுசுழற்சி இயக்கத்தைத் தொடங்கிவைக்க ஒரு முதல் வாகனம் வேண்டியிருந்தது. அதிலும் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துண்டு போகப்படாது. அதுவா ஓடிப் போய் லாரியில ஏறணும். ஒரு கௌரவம் வேண்டாமா?"

மெக்கானிக் மஹேஷ் தன் ஒர்க்‌ஷாப் பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். தெருமுனையில் வண்டி உடைக்கும் கம்பெனியின் லாரி காத்திருந்தது.

தொடக்க விழாவில் அனந்தபத்மநாபன் மைக்கில் பேசினார். "இரும்புக்கு மரணமில்லை! உருக்கினால் மறுபிறவி! பேட்டரியின் ஈயம்கூட இன்னொரு பேட்டரியாகப் பிறக்கும்!" பொன்னாடையை அவரே வாங்கியிருந்ததால் நிறம் அவருக்குப் பொருத்தமாக இருந்தது.

அடுத்தது பூஜை. பூஜையில்லாமல் அந்தத் தெருவில் எதுவும் கிளம்பாது. ஆனால் உடைக்கப் போகிற வண்டிக்கு என்ன சொல்வது என்று சாஸ்திரிகளுக்குத் தெரியவில்லை. புது வண்டிக்குச் சொல்வதையே சொன்னார்: விக்கினமின்றி ஓடட்டும், நீண்ட ஆயுள் உண்டாகட்டும். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். மஹேஷ் சாவியைத் திருகினான். வண்டி இருமி, நடுங்கி, உயிர் பெற்றது.

அனந்தபத்மநாபனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டேளா! பகவானே தீர்க்காயுசு கொடுத்துட்டார். இனி இதை உடைச்சா பாபமாக்கும்!"

கூட்டம் கை தட்டியது. சாவித்ரிக்குக் கூடத்து ஸ்கூட்டர் கண்முன்னால் வந்து நின்றது.

"ஏன்னா, நில்லுங்கோ. இரும்புக்கு மரணமில்லைன்னு இப்பத்தானே மைக்ல கத்தினேள்? ஷெட்டுல துருப்பிடிச்சு உதிர்றதா தீர்க்காயுசு? உருக்கினாத்தானே அடுத்த ஜென்மம்? நீங்க சொல்லுங்கோ சாஸ்திரிகளே, நீங்க சொன்னது எந்த ஆயுசாக்கும்?"

சாஸ்திரிகள் தட்சிணைத் தட்டைப் பார்த்தார். அது சாவித்ரி கையில் இருந்தது.

"சாக்ஷாத் அடுத்த ஜென்மம்தான், மாமி."

அனந்தபத்மநாபன் பதில் பேச மைக்கைத் தேடுவதற்குள் மஹேஷ் எஞ்சினை அணைத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தான். "சாரே, வண்டி நிக்கட்டும், போகட்டும். பேட்டரி என்டெயாக்கும், என் ஒர்க்‌ஷாப்பு சாதனம். உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு, வேற வண்டியில வைக்கணும்."

கழற்றினான். தீர்க்காயுசு அத்தோடு முடிந்தது.

சங்கத்து உறுப்பினர்கள் கூடித் தள்ளினார்கள். அனந்தபத்மநாபன் பொன்னாடையோடு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து இரு பக்கமும் கையசைத்துக்கொண்டே போனார். லாரியில் ஏற்றிய பிறகும் அவர் இறங்கவில்லை. லாரி டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் கேட்டான்: "சாரும் கூடெ வருந்நோ?"

அவர் நடந்து வீடு திரும்பியபோது ஷெட்டில் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"இதுக்கும் ஒரு பூஜை போட்டுடலாமா?"

"வேண்டாம்," என்றாள் சாவித்ரி. "இது ஓடற வண்டி."