பெயர் ஒட்டாத பின்கண்ணாடி

என் கணவர் சவுரிராயன் இறந்து ஓராண்டு கழிந்த பிறகு நான் ஒரு கார் வாங்கினேன். இரண்டே கதவு, இரண்டே இருக்கை, ஆறு சிலிண்டர், கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு வயது அறுபது. அதைப் பற்றி விழுப்புரத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். புருஷனின் கடைசி ஆசை என்கிறார்கள் நல்லவர்கள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டும் பொய். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் புதுச்சேரிக்கு டயாலிசிஸ் போக வேண்டும். அவருக்கு ஓட்டத் தெரியாது, காரே பிடிக்காது. கதவைச் சாத்தினாலே குமட்டும் என்பார். அதனால் அந்த வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு சின்ன காரை வாங்கினேன். சாலையில் ஒரு சிறு பள்ளம் என்றாலும் அவருக்கு உடம்பெல்லாம் வலிக்கும். "மெதுவா, வாணி" என்பார். இரண்டு ஆண்டுகள் நான் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. வளவனூர் கடைத்தெருவில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கண்டமங்கலம் தாண்டியதும் பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹார்னாலேயே திட்டுவார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் அருகில் இருந்தார், அவருக்கு வலிக்காமல் இருந்தது, அது போதும்.

ஆனால் அவர் போன பிறகும் என் கால் அந்த முப்பதை விடவில்லை. யாருமில்லாத புறவழிச் சாலையில், பக்கத்து இருக்கையில் வெறும் கைப்பை மட்டும் இருக்கும்போதும், ஊசி முப்பதைத் தொட்டதும் கால் தானாக மேலே எழும்பிவிடும். ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது என் கால் இல்லை. அதை நான் யாரிடமிருந்தாவது திரும்ப வாங்கியாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் நூலகத்துக்கு மாதம் ஒரு மோட்டார் இதழ் வரும். பையன்கள் நடுப்பக்கத்துப் படங்களைக் கிழித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிட்டுப் போவார்கள். விட்டுப்போன எழுத்தை நான் படிப்பேன். வேகமான கார் எப்படித் தரையை ஒட்டி உட்காரும், பழைய வண்டியை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும், இஞ்சின் சத்தத்தை அது சூடாவதற்கு முன்னால் ஏன் கேட்க வேண்டும் என்றெல்லாம் வருடக்கணக்கில் படித்திருக்கிறேன். ஆசை அங்கே பிறந்தது. சவுரிராயனுக்குச் சொன்னதுகூட இல்லை. சொன்னால் அவருக்குக் குமட்டியிருக்கும்.

ஓய்வுப் பணம் இருந்தது. கிளியனூர் பக்கம் என் பேரில் வாங்கிய மனையை விற்ற பணமும் சேர்ந்தது. திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில்லில் அப்படி ஒரு கார் விற்பனைக்கு நிற்பதாக போனில் விளம்பரம் பார்த்தேன். கூப்பிட்டேன். மில் முதலாளி சக்கரபாணி எடுத்தார்.

"காரா? வூட்ல ஆம்பள யார்னா இருந்தா பேசச் சொல்லும்மா."

"வாங்கப் போறது நான்தாங்க."

"சரிம்மா. ஆம்பளைய பேசச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அப்படித்தான் என் கொழுந்தன் புகழேந்தி இதற்குள் வந்தான். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஸ்டிக்கர் கடை. அந்த வட்டாரத்து ஆட்டோ, டிராக்டர், மினி லாரி பாதிக்கு முதுகில் இருப்பது அவன் வெட்டிய எழுத்துத்தான். பிள்ளைகளின் பெயர், மாதாவின் பெயர், குலசாமியின் பெயர், இறந்தவர்களின் பெயர். எங்கள் பக்கம் வண்டி வாங்கிப் பின்கண்ணாடியைச் சும்மா விட மாட்டார்கள். புகழேந்திக்கு அண்ணன் என்றால் உயிர். அடக்கத்தன்று சவப்பெட்டியை விட்டு அவன் கையைப் பிரித்தெடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

"காரு வாங்கறது சரி அண்ணி. நல்ல ஆறு பேர் போற வண்டியா எடுத்தா வேளாங்கண்ணிக்குப் போய் வரலாமே. இது இன்னாத்துக்கு?"

"ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாதுல்ல, அதுக்குத்தான்."

ரைஸ்மில்லில் நெல் காயும் களத்துக்கு அப்பால், தார்ப்பாய் போர்த்தி நின்றது கார். கருஞ்சிவப்பு. சக்கரபாணியின் மகன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, கனடாவுக்கு வேலைக்குப் போய்விட்டானாம். சக்கரபாணி என்னைத் தாண்டிப் புகழேந்தியிடமே பேசினார்.

"விழுப்புரத்துல எந்தப் பக்கம் தம்பி?"

புகழேந்தி தெருவைச் சொன்னான். தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட முகத்தோடு அவர் நாற்காலியில் சாய்ந்தார். எங்களுக்கு நாற்காலி வரவில்லை. நான் காரைச் சுற்றி வந்தேன்.

"பின்பக்கம் ஏங்க இப்படி உக்காந்துக்கினு இருக்கு?"

"ரேஸ் வண்டிம்மா. அப்படித்தான் இருக்கும்" என்றார் புகழேந்தியைப் பார்த்து.

"இருக்காதுங்க. பின்கதவத் தொறங்க."

திறந்ததும் தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. கண்ணாடிக்கு அடியில், சாமான் வைக்கும் இடத்தில், இரண்டு மூட்டை தவிடு.

"காலி வண்டி ரோட்ல நிக்காதும்மா, தூக்கி அடிக்கும். எங்க லாரிங்கள வெறுசா உட மாட்டோம். புள்ள ஊருக்குப் போன அன்னிக்கே ரெண்டு மூட்டையப் போட்டேன். ஒரு எடத்துல நெதானமா நிக்கட்டும்னு."

மூட்டையின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. தவிட்டில் எலிப் புழுக்கை. வண்டியைக் கிளப்பச் சொன்னேன். இருமிக்கொண்டே ஓடியது; ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முன்மூடியைத் தூக்கினால் ஒயர்கள் வரிசையாகக் கடிபட்டிருந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லாம் இஞ்சின் போச்சு என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் பின்கதவைத் திறக்கவில்லை.

"எலிக்கு வூட்டையும் குடுத்து சோத்தையும் போட்டிருக்கீங்களே மொதலாளி!" என்றான் புகழேந்தி. களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சக்கரபாணியும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"மூட்டைய எறக்குங்க. ஒயரு மாத்துங்க. இஞ்சின் ஜில்லுனு இருக்கறப்போ நான் வந்து கேக்கறேன்" என்றேன். "பேசறது என்கிட்டயே பேசுங்க."

புதுச்சேரியிலிருந்து ஆள் வரவழைத்து மாற்றினார். அடுத்து நாங்கள் போனபோது கார் பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. இஞ்சின்மேல் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. கிளப்பினார்கள். இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வருகிற ஒரே சீரான உறுமல். எனக்குக் கைமயிர் சிலிர்த்தது. அதை அவர் பார்த்துவிட்டார். உடனே முன்பு சொன்ன விலையிலிருந்து மேலே ஏறினார்.

புகழேந்தி என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, உண்மையச் சொல்லிடறேன். இது எங்க அண்ணனோட ஆசைங்க. ஆஸ்பத்திரி படுக்கையில அண்ணி கையப் புடிச்சிக்கினு, இப்படி ஒரு வண்டிய வாங்கி ஓட்டணும்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடனாரு. அதத்தான் இந்தம்மா நெறவேத்துறாங்க."

அவன் குரல் உடைந்தது. நடிப்பில்லை, அண்ணனைச் சொன்னாலே அவனுக்கு அப்படித்தான். சக்கரபாணி எழுந்து நின்றுவிட்டார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றது இல்லியா? செத்தவரு ஆசையில போயி லாபம் பாப்பனா நானு? பழைய வெலைக்கும் கொறச்சே எடுத்துக்கினு போங்க. ஒண்ணே ஒண்ணு, பின்கண்ணாடியில அவரு பேரப் போட்டுடுங்க. நாலு பேரு பாத்தா புண்ணியம்."

புகழேந்தி பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துப் பிரித்தான். வெள்ளை எழுத்தில் 'சவுரிராயன் நினைவாக'. ஒரு பக்கம் சிலுவை, ஒரு பக்கம் புறா. கல்யாணப் போட்டோவில் இருந்த முகம் நடுவில். ஏற்கெனவே வெட்டிக்கொண்டே வந்திருந்தான். அழகாக இருந்தது, அதுதான் கஷ்டம். கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கார் கிடைக்கும், விலை குறையும், ஊரும் கையெடுத்துக் கும்பிடும். ஆனால் அதற்குப் பிறகு நான் எத்தனை வேகமாகப் போனாலும் அது அவருக்காகப் போவதாகவே இருக்கும். அந்தக் காலும் எனக்குத் திரும்பக் கிடைக்காது.

"ஒட்டாத புகழு" என்றேன். "அய்யா, அவருக்குக் காரே புடிக்காதுங்க. அவரு எதுவும் கேக்கல. ஆசை என்னுது."

புகழேந்தியின் கை கண்ணாடிமேலேயே நின்றது. சக்கரபாணி மேசைமேல் இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உன்னுதா?"

"என்னுதுதாங்க."

"புருசன் போயி ஒரு வருசம்தான் ஆவுது. இந்த வயசுல, பொம்பளைக்கு, அதுவும்…"

"சொல்லுங்க. அதுவும்?"

அவர் சொல்லவில்லை. "வேற எடம் பாருங்கம்மா. நாளைக்கி நீ எங்கனா போயி மோதிக்கினா, யாரு வண்டிய வித்தவன்னு என்னத்தான் கேப்பானுங்க. பேஜாரு."

"அண்ணி, உட்ருங்க, வாங்க போலாம்" என்றான் புகழேந்தி. அவன் முகம் வெளிறியிருந்தது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பேச்சு மட்டும் வந்தது. "ரெண்டு வருசம் அவரப் பக்கத்துல வச்சிக்கினு முப்பதுலயே ஓட்டனங்க. ஒரு நாளு அவரு உடம்பு அதிர உடல. அது அவருக்கு நான் செஞ்சது. அதுல ஒரு குறையும் இல்ல, யாரு வேணா வந்து கேக்கட்டும். இப்ப எனக்கு வேகமா போவணும். அழுவறதுக்கு இல்ல, செத்தவருக்குக் காட்டறதுக்கு இல்ல. சும்மா, வேகமா. நீங்க கொஞ்சம் முன்னாடி ஏத்திச் சொன்னீங்களே, அந்த வெலையே தர்றேன். ஆனா ஓட்டிப் பாத்துட்டுத்தான் தருவேன். என் வண்டிய மோதிடுவாளோன்னு பயமா இருந்தா நீங்களும் பக்கத்துல ஏறுங்க."

களத்தில் துழாவுகிற சத்தம் நின்றிருந்தது. அத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முனகியபடியே, அந்தத் தாழ்வான இருக்கைக்குள் உடம்பைத் திணித்தார்.

கிளியனூர் பக்கம் திருப்பினேன். நல்ல அகலமான சாலை. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஊசி முப்பதைத் தொட்டது. கால் மேலே எழும்பியது.

ஒரு ஷேர் ஆட்டோ எங்களை முந்தியது. அதிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் கையாட்டினார்கள்.

"இதுக்குத்தான் இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" சக்கரபாணி கெக்கலித்தார். "இந்த வேகத்துக்கு எங்க நெல்லு டிராக்டரு போதுமேம்மா!"

காதுக்குள் கேட்டது. மெதுவா, வாணி. அந்தக் குரல் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று யாருக்குத் தெரியும். அதை மீண்டும் கேட்பதற்காகவே ஒரு வருடம் நான் அந்தச் சின்ன காரை முப்பதில் ஓட்டிக்கொண்டிருந்தேனோ என்று அந்த நிமிடம் தோன்றியது.

"நீங்க எறங்கியாச்சுங்க" என்றேன் சத்தமாக.

"யாரு எறங்கினது?" என்றார் சக்கரபாணி.

நான் அழுத்தினேன். முதுகு இருக்கையில் ஒட்டியது. சாலையோரப் புளியமரங்கள் தனித்தனியாக இருந்தவை ஒரே பச்சைச் சுவராக ஆயின. ஷேர் ஆட்டோ வந்தது, போனது. உறுமல் என் விலா எலும்புக்குள் நிறைந்தது. கால் எழும்பவில்லை. நான் சொன்னதைக் கேட்டது. வாயைத் திறந்து கத்தினேன் என்று பிறகு சக்கரபாணிதான் சொன்னார்.

"யம்மா! எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்குது!"

கிளியனூர் வருவதற்கு முன்பாகவே குறைத்துத் திருப்பினேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் கதவுப் பிடியை விடவில்லை. மில்லில் இறங்கியதும் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வெலைய கொறைக்க மாட்டேன்."

"கேக்கலயே."

"யம்மா, என் புள்ளைகூட இத இப்படி ஓட்டினது இல்ல" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணம் அவர் கணக்குக்குப் போனது. பெயர் மாற்றத் தாள்களில் கையெழுத்துப் போட்டோம். இரண்டு சாவியையும் என் கையிலேயே கொடுத்தார். களத்துப் பெண் ஒருத்தியிடம் எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

புகழேந்தி ஸ்டிக்கரைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

"அப்போ அண்ணன் பேரு எங்கதான் அண்ணி இருக்கும்?"

"கல்லறையில இருக்கு. வூட்டு வாசல்ல இருக்கு. ரேஷன் கார்டுல என் பேருக்கு மேல இருக்கு. என் வாயில நாளெல்லாம் இருக்கு, புகழு. இது ஒண்ணு எனக்கு இருக்கட்டும்."

"ஊர்ல இன்னா சொல்வாங்க?"

"புருசன மறந்துட்டாள்னு சொல்வாங்க."

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். கேட்ட உடனே உதட்டைக் கடித்துக்கொண்டான். பதில் அவனுக்கே தெரியும், அதனால்தான் கண் கலங்கியது. எழுத்துக் கசங்காமல், முகம் உள்பக்கம் வர, ஸ்டிக்கரைச் சுருட்டிப் பையில் வைத்தான்.

"மெதுவா போங்க அண்ணி. நான் பைக்ல பின்னாடியே வர்றேன்" என்றான்.

விழுப்புரம் சாலையில் ஏறினேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் லாரி நெரிசல். அதுவரை அவன் பின்னாலேயே வந்தான். ஒன்றும் ஒட்டாத கண்ணாடி வழியாக அவனை முழுசாகப் பார்க்க முடிந்தது. ஹெல்மெட்டுக்குள் அவன் அழுதுகொண்டிருந்தானா என்று மட்டும் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சாலை காலியானது. அவன் முன்விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான். மெதுவாகப் போகச் சொல்கிறான். அவனுக்காக நான் எப்போதும் நின்றிருக்கிறேன், கல்யாணத்துக்கு, கடைக்கு, கடனுக்கு. அன்றைக்கு நிற்கவில்லை. கியரை மாற்றி அழுத்தினேன். கண்ணாடியில் புகழேந்தி சின்னதாகிக்கொண்டே போனான். விக்கிரவாண்டி வருவதற்குள் சாலையில் நான் மட்டும் இருந்தேன்.