ஏசி அறையில் பைன்

1.
இந்தக் கதை திருச்சியிலிருந்து வந்த பேருந்தில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் மடியில் ஒரு தொட்டி. போன்சாயா என்று கேட்டேன். "பைனுங்க. ஒட்டு கட்டினது," என்றாள். மீதியை நான் ஒட்டினேன்.

2.
பனி படர்ந்த கொடைக்கானலில் ஒரு
(வேண்டாம். கதை நடப்பது திருவண்ணாமலையில், சித்திரை வெயிலில்.)

வினோதினிக்குக் கொடைக்கானலில் மரவிதைத் தோட்டமொன்றில் வேலை. அங்குள்ள காட்டிலேயே நேராக, வேகமாக வளர்ந்த பைன் மரம் புயலில் சாய்ந்துவிட்டது. அதன் நுனிக்கிளைகளை வெட்டி இளங்கன்றுகளில் ஒட்டுக் கட்டினாள். பிழைத்தால் அந்த மரத்தின் விதை இனியும் கிடைக்கும். இல்லையென்றால் அந்த வம்சமே போச்சு. அதே வாரம் சொந்த ஊரான திருவண்ணாமலையில் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஒட்டுகளை நம்பி விட்டுவர ஆளில்லை. தொட்டிகளோடு வந்திறங்கி, ரமணாசிரமம் பக்கம் ராஜமாணிக்கத்தின் விடுதியில் ஏசி அறை கேட்டாள்.

"யாரு தங்கப் போறாங்க?"

"செடிங்கதான்."

"செடிக்கு ஆதார் இருக்குதாம்மா?"

தன்னுடையதைக் கொடுத்தாள்.

3.
(ராஜமாணிக்கத்தை முதலில் கல்நெஞ்சராக எழுதியிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதான் நிலக்கடலை, பயிரிட்டவர் செடியிடம் அப்படி நடப்பாரா? அடித்துவிட்டேன்.)

தியானத்துக்கு வந்திருந்த பக்கத்து அறை பிரசாத், ஒரு மத்தியானம் கதவு மாறி உள்ளே நுழைந்தார். குளிர், அமைதி. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் கூட்டமே வந்தது. முழங்கால் உயரச் செடியில் காயைப் பார்த்து எல்லோரும் கைகூப்பினார்கள்.

"வயசான மரத்துக் கிளைங்க அது. அதான் இம்மாத்தூண்டுலயே காய்க்குது," என்றாள் வினோதினி.

"சின்ன உடம்புல பழைய ஆத்மா," என்றார் பிரசாத்.

மறுக்கப் பார்த்தாள். தாவரவியல்படி அது சரிதான்.

4.
அப்புறம் கரண்ட் போனது. (இந்த இடத்தில் மலைமேல் மேகம் கூடி
இல்லை, கூடவில்லை.) ஜெனரேட்டர் ஏசியைத் தாங்காது.

"எல்லாரும் வெளிய போங்க. உங்க உடம்புச் சூடே ஜாஸ்தி," என்றாள்.

போனார்கள். வாசலில் ராஜமாணிக்கம் ஆட்டோவிலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார். மீன் கடை ஐஸ். வெங்காயமே சேர்க்காத தியானிகள் வரிசையாக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கைமாற்றி மாடிக்கு ஏற்றினார்கள். அன்று அவர்கள் பிராணாயாமம் மிக நன்றாக அமைந்தது.

5.
"உயிரு இருக்குதா?" என்று மறுநாள், கரண்ட் வந்ததும், கேட்டார் ராஜமாணிக்கம்.

"தெரியலைங்க. பைன் செத்தாலும் கொஞ்ச நாளைக்குப் பச்சையாவே நிக்கும். தளிர் விட்டாதான் நிச்சயம்."

"அப்ப இருக்கட்டும். ரூமைக் காலி பண்ணாதம்மா."

தளிர் விட்டதாக ஒரு முடிவு எழுதினேன். காய்ந்ததாக இன்னொன்று. வினோதினி இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்கள். கதவைச் சாத்திவிடுங்கள், குளிர் போய்விடும்.