தலைமாடு, இடப்பக்கம்

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அப்பாவின் உடலுக்கு உடுத்த அவரது வெள்ளைச் சட்டையை எடுத்தபோது, அதன் பையிலிருந்து ஒரு தாள் விழுந்தது. சுகிர்தா குனிந்து எடுத்தாள். தன் அடக்கத்துக்கான ஒழுங்கை அப்பாவே எழுதி வைத்திருந்தார். எந்தப் பாட்டு, எந்தச் சங்கீதம், பெட்டி தூக்க எந்த ஆறு பேர்.

ஆச்சரியமில்லை. மாலை ஆறு மணி ஜெபத்துக்குப் பிந்தினால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது என்று மூன்று பிள்ளைகளையும் வளர்த்தவர்.

கடைசி வரியைப் பார்த்தாள்.

'தலைமாடு, இடப்பக்கம்: சுமன். குடிக்காமல் வந்தால்.'

குடித்துவிட்டு ஜெபத்தில் உட்கார்ந்ததற்காகத் தம்பி சுமனை அப்பா வீட்டைவிட்டு அனுப்பி ஏழு வருடம். கடுகண்ணாவையில் டயர் கடையொன்றில் இருக்கிறான்.

முற்றத்தில் அண்ணன் சந்திரகுமாரின் குரல் கேட்டது.

"வந்துட்டாரு தொர. கையப் பாரு, எப்புடி ஆடுதுன்னு. இன்னைக்குக்கூட விட முடியல."

சுகிர்தா தாளோடு வெளியே போனாள். சுமன் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு வாசல் கேற்றடியில் நின்றான். நாவலப்பிட்டி மழைக்குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"நான் உள்ள வரலக்கா. இங்கேருந்தே பாத்துட்டுப் போயிர்றேன்."

"ஊது."

"அக்கா..."

"ஊதுடா."

ஊதினான். பற்பசை வாசனை. அதற்கடியில் வெறும் வயிற்றின் புளிப்பு. வேறொன்றுமில்லை.

"எத்தன நாளாச்சு?"

"அப்பாவுக்கு ஏலாதுன்னு நீங்க போன்ல சொன்ன அன்னையிலேருந்து. மூணு நாளு. கை நின்னதும் வந்து பாப்பமுன்னு இருந்தேன்." அவன் தரையைப் பார்த்தான். "குடிச்சா நடுங்காதுக்கா. விட்டாத்தான் நடுங்குது."

சந்திரகுமார் பக்கத்தில் வந்து நின்றான். "மகன்னு தூக்க விட்டுப் பெட்டியக் கீழ போட்டான்னா? சபையே பாத்துக்கிட்டிருக்கு."

அவள் தாளை நீட்டினாள். அண்ணன் இரண்டு தரம் வாசித்தான். பிறகு அதை நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"செருப்பக் கழட்டிட்டு வா" என்றான் தம்பியிடம்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். முதல் பாட்டு தொடங்கியது. கல்லறைத் தோட்டத்து ஏற்றத்தில் சுகிர்தா பின்னால் நடந்தாள். பெட்டியின் தலைமாட்டு மூலை ஒன்று மட்டும் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. மேலே வைத்த வெள்ளைப் பூக்கள் அந்தப் பக்கமாகவே நழுவி, ஒவ்வொன்றாக ஈர ரோட்டில் விழுந்தன.

அவள் மிதிக்காமல் நடந்தாள்.