காடைத் தட்டின் வெள்ளை

ஜாஸ்லினுக்குத் தொழில் பல் செய்வது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடியில் இருக்கும் பல் லேபில் இருபத்திரண்டு வருடமாக வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் மாவைக் குழைத்து, பிரஷ்ஷால் அடுக்கடுக்காகப் பூசி, சின்ன அடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பாள். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை அவள் பதினாறாகப் பிரித்துப் பார்ப்பாள். நகரத்தில் பாதிப் பேர் தன் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவள் சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வதுதான், ஆனால் பொய்யில்லை.

ஜப்பான் பீங்கான் அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு பீரோவால். 2010-ல் பிரான்சுவா என்கிற பென்ஷன்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு பிரான்ஸுக்குப் புறப்பட்டார். பழைய சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஜாஸ்லினும் கணவன் அருள்பிரகாஷும் பீரோ பார்க்கப் போனார்கள். அங்கே தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு பெரிய தட்டு கிடந்தது. நீலம், சிவப்பு, நடுவில் பொன் பூசிய செவ்வந்திப் பூ. சைகோனில் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த தாத்தா பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த சீனத் தட்டு என்றார் பிரான்சுவா.

ஜாஸ்லின் அதைத் துடைத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கடுகளவில் ஐந்து தழும்புகள். அடுப்பில் அவள் பற்களை நிறுத்துவதும் இப்படிச் சின்னச் சின்ன முட்களின் மேல்தான். சூட்டில் இளகும் தட்டு நடுவில் தொய்ந்துவிடாமல் இருக்க எவனோ ஒருத்தன் முட்டுக் கொடுத்துச் சுட்டிருக்கிறான். எந்த ஊர்க்காரனோ, எந்தக் காலத்தவனோ, நம்ம தொழில்காரன் என்று தோன்றியது. பீரோவை விட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அது சீனத் தட்டு இல்லை, ஜப்பானில் அரிதா என்கிற ஊரில் செய்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. சைகோனுக்கும் ஹனோய்க்கும் போய்வந்த குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அவர்கள் வீட்டு அலமாரிகளில், சோப்பு டப்பாவாக, பூந்தொட்டிக்கு அடித்தட்டாக, ஜப்பான் சாமான்கள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய இரும்புக்கு நடுவே சாக்கே என்கிற அரிசி மது குடிக்கும் ஒரு கிண்ணம் கிடைத்தது. புதியவற்றையும் அவள் ஒதுக்கவில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் மண்பாண்டக் கூடங்களுக்கு ஜப்பானியக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்வது உண்டு. விறகுச் சாம்பலே மேற்பூச்சாக உருகிப் படிந்த ஒரு ஜாடியை அப்படி வந்த ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கினாள். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள் இரண்டும் சேர்ந்தன. அருள்பிரகாஷ் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். முதலில் கிண்டல் செய்தான். பிறகு தேக்குப் பலகையில் அவனே கண்ணாடி அலமாரி அடித்துக் கொடுத்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எது எந்த நூற்றாண்டு என்று அவனே சொல்ல ஆரம்பித்தான், அதுவும் பாதி தப்பாக.

அறுபத்தொரு பொருள் சேர்ந்திருந்தபோது, ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் கலைக்கூடம் நடத்தும் சிந்துஜா அவற்றை வந்து பார்த்தாள். ஜனவரி மாதம் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றாள். பீங்கான் பற்றி எழுதுகிறவர், சென்னைக்காரர் விஜயராகவன், கையேடு எழுத ஒப்புக்கொண்டார். அரிதாவில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண்மணி அப்போது இந்தியா வருகிறார், திறப்பு நாளுக்கு அவரையும் அழைத்திருக்கிறோம் என்று கேட்டதும் ஜாஸ்லினுக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

கண்காட்சியின் முகமாக விஜயராகவன் தேர்ந்தெடுத்தது காடைத் தட்டை. பால் வெள்ளைத் தரையில் இரண்டு காடைகள், பக்கத்தில் ஒரு தினைக்கதிர், மற்றபடி வெறும் வெள்ளை. ஒன்பது வருடத்துக்கு முன் குருசுக்குப்பத்தில் ரோசா டீச்சரிடம் அவர் சொன்ன விலையைக் கொடுத்து வாங்கியது. டீச்சரின் அண்ணன் பிரெஞ்சுக் கப்பலில் வேலை பார்த்தவர். நாகசாகியில் வாங்கிவந்தாராம். அந்த வெள்ளைக்கு ஜப்பானில் ஒரு பெயர் உண்டு. அரிசி களைந்த தண்ணீரின் நிறம் என்று அதற்கு அர்த்தம். முந்நூறு வருடத்துக்கு முன் அரிதாவில் அதைச் செய்தார்கள், பிறகு அந்தப் பக்குவம் கைவிட்டுப் போனது. தட்டு பதினேழாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது என்று ஜாஸ்லின் நம்பினாள். விஜயராகவனும் அப்படித்தான் எழுதினார். சுவரொட்டியிலும் அதுவே ஏறியது.

திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது பொருள்களைப் பெட்டிகளில் வைத்து விளக்குப் போட்டுப் பார்த்தார்கள். காடைத் தட்டின் பக்கத்தில், அதே காலத்தது என்று, ஒரு பழைய எண்கோணக் கிண்ணத்தை வைத்தாள் சிந்துஜா. வீட்டில் அவை இரண்டும் வேறு வேறு அலமாரியில் இருந்தவை. ஜாஸ்லின் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. என்ன என்று சிந்துஜா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். இரண்டையும் ஒரு நாளைக்கு எடுத்துப்போகிறேன் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லேபில் வடக்கு ஜன்னல் ஓரமாக இரண்டையும் வைத்தாள். பல்லின் நிறத்தை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது, அந்த ஜன்னலில்தான் பார்ப்பாள். கிண்ணத்தின் வெள்ளையில் உயிர் இருந்தது. ஓரிடத்தில் கொஞ்சம் தடிப்பு, ஓரிடத்தில் ஊசிமுனைக் கறுப்பு, மண்ணில் தப்பிய இரும்புத் துணுக்கு. தட்டின் வெள்ளையும் அழகுதான். ஆனால் அதில் ஒரு துணுக்குகூட இல்லை. இயந்திரத்தில் அரைத்துச் சலித்த மண். இவ்வளவு சுத்தமான மண்ணை அவள் தினமும் தொடுகிறாள். எப்படி ஒன்பது வருடம் இது கண்ணில் படவில்லை என்று நினைத்தபோது அழுகை வரும்போல இருந்தது.

மதியமே குருசுக்குப்பத்துக்கு வண்டியை விட்டாள். ரோசா டீச்சருக்கு எண்பத்து நாலு வயது, ஞாபகம் கொஞ்சமும் மங்கவில்லை. அண்ணன் தட்டை எப்போது வாங்கினார், என்ன சொல்லி வாங்கினார் என்று கேட்டாள்.

"ஐம்பத்தெட்டுல. எங்கண்ணன் புதுசுன்னுதான் வாங்கினான். நான் உங்கிட்ட அன்னிக்கே சொன்னனே, புதுசுதான்னு. நீதான் இல்ல டீச்சர், இது ரொம்பப் பழசுன்னு சொல்லி என் வாய அடச்ச."

ஜாஸ்லினுக்கு நினைவு வந்தது. டீச்சர் சொன்னதுதான். யாரும் அதிகம் புழங்காததைத்தான் புதுசு என்கிறார் என்று இவள்தான் எடுத்துக்கொண்டாள். டீச்சர் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அருள்பிரகாஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், கையேடு அச்சாகிவிட்டது, எழுதினவர் படித்தவர், நீ வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லையே என்று மெதுவாகக் கேட்டான்.

"ஒரு பல்லுக்கு ஷேடு தப்பாப் போட்டுட்டேன்னு வைங்க. அந்த ஆளு தெருவுல எனக்கு எதிர்ல சிரிச்சிக்கினு வந்தா நான் எங்க பாக்கறது?" என்றாள் ஜாஸ்லின்.

மறுநாள் அவன் துறைமுகத்துக்குப் போகாமல் அவளைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனான்.

விஜயராகவன் அங்கே இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முப்பது வருடமாகப் பேர் எடுத்தவர். ஜாஸ்லின் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். தட்டின் காலம் பற்றித் தான் படித்த புத்தகங்களை வரிசையாகச் சொன்னார். அவள் விடாமல் மறுபடி வெள்ளையைப் பற்றிப் பேசியபோது அவருக்குக் கோபம் வந்தது.

"மேடம், நீங்க பல்லு செய்யிறவங்க. இது வேற."

"வேற இல்ல சார்," என்றாள் ஜாஸ்லின். "மண்ணு, பூச்சு, நெருப்பு, அதே மூணுதான். நீங்க படிச்சத நான் படிக்கல. ஆனா இந்த வெள்ளைய நான் இருபத்திரண்டு வருஷமா கையால செய்றேன். இது பழசு இல்ல. பழசுன்னு எழுதி வெக்கறதா இருந்தா என் தட்ட நான் எடுத்துக்கினு போறேன்."

சிந்துஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், பொருளின் சொந்தக்காரர் சொல்வதைத்தான் பெட்டியில் எழுதுவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். விஜயராகவன் அன்றைக்கே சென்னைக்குத் திரும்பினார். ஜாஸ்லின் ஒரு அட்டையில் தன் கையால் எழுதினாள்: 'காடைத் தட்டு. அரிதா, 1950-கள். முந்நூறு ஆண்டு பழையது என்று கையேட்டில் இருப்பது தவறு. அந்தத் தவறு முதலில் என்னுடையது.' கீழே பெயர் போட்டாள். சிந்துஜா அதை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிச் சேர்த்தாள்.

திறப்பு நாளில் நல்ல கூட்டம். ரோசா டீச்சர் பட்டுப்புடவையில் வந்து காடைத் தட்டுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அரிதாவிலிருந்து வந்த திருமதி ஹரதா ஐம்பது வயதுக்காரர், குள்ளமானவர், அதிகம் பேசாதவர். ஒவ்வொரு பெட்டியின் முன்னும் லேசாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்தார். காடைத் தட்டின் முன்னால் வந்ததும் அட்டையைப் படித்தார். திரும்பவும் படித்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம், இதை எழுதியவர் யார் என்று கேட்டார்.

ஜாஸ்லின் முன்னால் வந்து நின்றாள். தட்டைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டார் ஹரதா. பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பினார், அடியைத் தடவினார், வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்.

தொலைந்துபோன அந்த வெள்ளையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரிதாவில் மறுபடி தேடினார்களாம். வருடக்கணக்காக மண்ணை மாற்றி மாற்றிச் சுட்டு, பெரும்பாலும் உடைந்தும் கோணியும் போய், ஐம்பதுகளில்தான் கைக்கு வந்ததாம். முந்நூறு வருடப் பழையவை எங்கள் அருங்காட்சியகத்தில் பதினெட்டு இருக்கின்றன என்றார். ஆனால் திரும்பக் கண்டுபிடித்த அந்த முதல் சில வருடங்களில் செய்த தட்டு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வாங்கியவர்கள் உலகமெங்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

"நீங்க இத பழசுன்னு எழுதியிருந்தா," என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார், "அம்மா தலைய அசைச்சிட்டு அப்படியே போயிருப்பாங்களாம். விருந்தாளியா வந்த இடத்துல தப்புன்னு சொல்ல மாட்டாங்களாம். உங்க அட்டையாலதான் நின்னாங்களாம்."

ஹரதா தட்டை வைத்துவிட்டு ஜாஸ்லினைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் அவளும் குனிந்தாள். பின்னாலிருந்து ரோசா டீச்சர், எங்கண்ணன் வாங்கினது, எங்கண்ணன் வாங்கினது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வருடத்துக்குத் தட்டைத் தர முடியுமா, கூடவே நீங்களும் வந்து வைக்க வேண்டும் என்று மார்ச்சில் ஹரதாவிடமிருந்து கடிதம் வந்தது. அதற்கு முன்னால், பிப்ரவரியில், விஜயராகவனிடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருந்தது. கையேட்டின் திருத்தப் பதிப்பில் தன் தவறை எழுதியிருப்பதாகவும், தன்னிடமுள்ள நாலைந்து வெள்ளைப் பொருள்களை அவள் அந்த வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். ஜாஸ்லின் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தாள். வரச் சொல்லிப் பதில் எழுதினாள்.

நவம்பரில் அவளும் அருள்பிரகாஷும் ஜப்பானுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். தட்டுப் பெட்டியை வழி முழுக்க அவள் மடியிலிருந்து இறக்கவே இல்லை. அரிதா, மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். இடித்த பழைய சூளைகளின் செங்கற்களை வைத்தே தெருச்சுவர்களைக் கட்டியிருந்தார்கள். தட்டின் அட்டையில் உங்களை எப்படிக் குறிப்பிடுவது, சேகரிப்பாளர் என்றா என்று ஹரதா கேட்டபோது, ஜாஸ்லின் கொஞ்சம் யோசித்து, பீங்கான் தொழிலாளி என்று போடச் சொன்னாள். அப்படியே எழுதினார்கள். கீழே ஜப்பானிய எழுத்தில் அவள் பெயர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி. அதற்கும் கீழே, வாங்கிவந்த மாலுமி என்று ரோசா டீச்சரின் அண்ணன் பெயர்.

அருங்காட்சியகக் கதவைத் திறந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஜாஸ்லின் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அருள்பிரகாஷ் பெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காவல்காரன்போல நின்றான். யார் வந்து பார்த்தாலும் முதலில் தட்டைக் காட்டினான், பிறகு பெயரைக் காட்டினான், பிறகு திரும்பி அவளைக் காட்டினான். அவர்களும் திரும்பிப் பார்த்துத் தலை குனிந்தார்கள். போதும், வாங்க என்று அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவளும் கூப்பிடவில்லை.