எழுந்து போக முடியாத இடம்

எடை மெஷினில் ஏறச் சொன்னதும் என் நாத்தனார் முதலில் ஷூவைக் கழற்றினாள். பிறகு கைக்கடிகாரத்தை. பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை. அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஊர் சுற்ற வந்த இடத்தில் விசில் எதற்கு என்று கேட்டால், அது இல்லாமல் கழுத்து காலியாக இருப்பதுபோல இருக்கிறது என்பாள்.

"விசில் எத்தன கிலோ இருக்கும்னு நெனக்கிற?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி. போன்ல ஒரு எடை சொல்லி வச்சிருக்கேன். அதக் காப்பாத்தணும்."

காப்பாற்ற முடியவில்லை. முள் அவள் சொன்ன இடத்தில் கொஞ்சம்கூடத் தயங்காமல் தாண்டிப் போய் நின்றது. என்னுடையதும் அப்படித்தான், அதை இங்கே சொல்வதற்கில்லை. பலூன் ஓட்டுகிற பெண்மணி டார்ச் அடித்து முள்ளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண், தலையில் கம்பளித் தொப்பி. "போன்ல எல்லாரும் ஒல்லிதாம்மா," என்றாள். அப்புறம் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்க வேணாம். கூடை சாஞ்சிரும். ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம்."

"நாங்க ஒண்ணாத்தானே வந்தோம்?" என்றேன்.

"புதுசா கல்யாணம் ஆனவங்களயே பிரிச்சு நிக்க வச்சிருக்கேன். உங்களுக்கு என்ன?"

உண்மைதான். கொஞ்சம் தள்ளி ஒரு பையனும் பெண்ணும் ஏதோ வெளிநாட்டுக்கு வழியனுப்புகிற மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத்தான் இது சரிப்படாது. உயரம் எனக்குப் பயமே இல்லை. நான் நாத்தனார் பக்கத்தில் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தப் பலூனுக்கே ஏற்பாடு செய்திருந்தேன்.

நான் அடுத்த மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். ஐம்பத்து மூன்று வயதில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நானே சிரித்தவள்தான். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒருவர் பல் செட் செய்கிறார். தன் கண்ணாடியின் காது வளைந்துவிட்டது என்று வருவார், நான் நிமிர்த்திக் கொடுப்பேன். இரண்டு நாளில் மறுபடி வளைந்துவிடும். இவருக்கு என்ன, கண்ணாடியோடேயே தூங்குகிறாரா என்று நினைத்தேன். வேண்டுமென்றே வளைத்துக்கொண்டு வந்ததைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். பதிவு அலுவலகத்தில் நாள்கூடக் குறித்தாகிவிட்டது. நாத்தனாரிடம் மட்டும் சொல்லவில்லை. "சொல்லிட்டீங்களா?" என்று அவர் தினமும் போனில் கேட்பார். "இன்னிக்கு சொல்லிடறேன்" என்று தினமும் நானும் சொல்வேன்.

என் நாத்தனாரைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் என் பயம் புரியும். அவளுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், பதில் சொல்லமாட்டாள், எழுந்து போய்விடுவாள். ஹோட்டலில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறாள். ஒருமுறை சினிமா தியேட்டரில் முழு வரிசையின் காலையும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறாள். அவள் அண்ணனுடைய ஸ்கூட்டரை அவளைக் கேட்காமல் நான் விற்றபோது, கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள். அந்த வாரம் முழுக்க நான் காலையில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றிவிட்டு ஒன்றைக் கொட்டினேன். பிறகு ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்து, "அண்ணி, பால் வாங்கணுமா?" என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

ஸ்கூட்டருக்கு ஒரு வாரம். இதற்கு? நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவள் ரெட்டைப் பின்னல் போட்ட பள்ளிக்கூடப் பெண். அவள் கல்யாணமே வேண்டாம் என்றவள், அதற்காக வருத்தப்பட்டவளும் இல்லை. இப்போது அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எழுந்து போனால் இந்தத் தடவை திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விடுதி வரவேற்பறையில் பலூன் படத்தைப் பார்த்ததும் மூளையில் மணி அடித்தது. அதிலிருந்து யார் எழுந்து போக முடியும்?

போட்ட திட்டமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எங்கள் எடைதான் கெடுத்துவிட்டது. கூடைக்கு நடுவில் நெஞ்சுயரத்துக்குப் பிரம்புத் தடுப்பு. இந்தப் பக்கம் நான், புதுப்பெண், பலூன்காரம்மா. அந்தப் பக்கம் நாத்தனாரும் அந்த மாப்பிள்ளைப் பையனும். தலைக்கு மேலே அடுப்பு திடீரென்று சீறியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கிளம்பும்போது தூக்கிப் போடும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. குனிந்து பார்த்தால் எங்களை ஏற்றிவிட்டவர்களின் தலைகள் கீழே இருந்தன. தரைதான் எங்களை விட்டுவிட்டு இறங்கிப் போயிருந்தது.

"ஐயோ அண்ணி! அண்ணி, ஏரியப் பாருங்க! நம்ம ரூம் அதுதானே? ஜன்னல்ல காயுது பாருங்க, உங்க துண்டு!" என்று அவள் தடுப்புக்கு மேல் கையை நீட்டி என் தோளைப் போட்டு உலுக்கினாள். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. அவள் முகம் முழுக்க வெளிச்சம். இவ்வளவு சந்தோஷமாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் மனசு தடுமாறியது. விட்டுவிடலாம், கீழே போய்ச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். கீழே போனால் சொல்லவேமாட்டேன் என்பதும் தெரியும்.

"இப்ப அடுப்ப அணைக்கிறேன்," என்றாள் பலூன்காரம்மா. "யாரும் பேசாதீங்க. சும்மா கேளுங்க."

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. காற்றோடேயே போவதால் காற்றுகூடக் காதில் விழவில்லை. எங்கேயோ கீழே ஒரு நாய் குரைத்தது. யாரோ வாளியைத் தரையில் வைத்தார்கள். அந்தச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. நான் தடுப்பின் மேல் சாய்ந்தேன். ரகசியமாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணி."

எவ்வளவோ பீடிகை யோசித்து வைத்திருந்தேன். தனிமை, முதுமை, ஒருவருக்கொருவர் துணை என்றெல்லாம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"அடுத்த மாசம் நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அந்த அமைதியில் ரகசியம் ஏது? மைக்கில் அறிவித்த மாதிரி விழுந்தது. புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பலூன்காரம்மாவின் கை அடுப்புப் பிடியிலேயே நின்றுவிட்டது.

"யார அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"எங்க கடைக்கு மாடியில... பல் செட் செய்றவர்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள், விருட்டென்று திரும்பினாள். கூடைச் சுவர் இடித்தது. மறுபக்கம் திரும்பினாள். அங்கே அந்தப் பையன். அவன், பாவம், எங்கே போகப் போகிறாள் என்று யோசிக்காமல் ஒதுங்கி வழிவிட்டான்.

"இத எப்ப எறக்குவீங்க?" என்று பலூன்காரம்மாவிடம் கேட்டாள்.

"காத்து வழிவிட்டாத்தாம்மா. இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்."

"அதுக்கு முன்னாடி எறங்க முடியாதா?"

"முடியும். ஆனா எறங்காம இருந்தா நல்லது."

வேறு வழியில்லாமல் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். அந்த முதுகையும் கழுத்தில் மறுபடி மாட்டியிருந்த விசில் கயிற்றையும் பார்த்துக்கொண்டே பாதி ஆகாயம் கடந்தேன். புதுப்பெண் என் காதருகே வந்து, "வாழ்த்துகள் ஆன்ட்டி," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்லக்கூடாதுதான், சொல்லி முடித்ததில் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. கீழே வயல்கள், ஓட்டுக் கூரைகள், மொட்டை மாடியில் பல் தேய்த்துக்கொண்டே எங்களுக்குக் கையாட்டிய ஒருவர். பல்லைப் பார்த்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. என்ன ஜென்மமோ நான்.

ஒரு மேய்ச்சல் நிலத்தில் எங்கள் பலூனின் நிழலை ஒரு நாய் துரத்திக்கொண்டு ஓடியது. பிடித்துவிட்டதாக நினைத்து நிற்கும், நிழல் நழுவும், மறுபடி ஓடும். நாத்தனார் அதைப் பார்த்துவிட்டாள். கையை நீட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள், வாய்கூடத் திறந்துவிட்டது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டாள். முதுகு காட்டி நின்றதைத் தாங்கிக்கொண்ட எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது குனிந்து உட்கார்ந்து கயிற்றுப் பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கூடை ஒருமுறை தரையில் மோதியது, எகிறியது, மறுபடி மோதியது, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. புதுப்பெண் என் மேல் கிடந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பட்டுச்சா?" தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனாரின் குரல்.

"இல்ல."

"தலை?"

"இல்லம்மா."

"சரி."

அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் ஒரு வாக்கியம்கூட 'அண்ணி' இல்லாமல் அவள் என்னிடம் பேசியதில்லை. திட்டும்போதுகூட 'அறிவிருக்கா அண்ணி' என்றுதான் திட்டுவாள். இப்போது மூன்று வாக்கியம், மூன்றிலும் இல்லை. நான் கூடையிலிருந்து தவழ்ந்து வெளியே வருவதற்குள் அவள் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள். கீழே சாய்ந்து கிடந்த பலூன் துணியின் ஓரமாக, நேராக, கைவீசி. போகிறாள். அதுதான், போகிறாள்.

பலூன்காரம்மா பதறினாள். துணைக்கு ஆட்களோடு வர வேண்டிய வண்டி இன்னும் வந்து சேரவில்லை, துணிக்குள் காற்று அப்படியே நிறைந்து கிடந்தது. "அம்மா! அங்க போற அம்மா! உச்சியில ஒரு கயிறு கெடக்கும் பாருங்க! எடுத்து இழுத்துப் பிடிங்க! இல்லேன்னா துணி புரண்டுரும்!"

கயிறு என்று சொன்னால் விளையாட்டு டீச்சரால் சும்மா போக முடியுமா? நின்றாள். எடுத்தாள். குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கயிறு இழுக்கும் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். "விட்டுராதீங்க!" என்றாள் பலூன்காரம்மா. எங்களிடம், "நீங்க எல்லாரும் இந்த முனையிலேர்ந்து துணியக் கட்டிப் பிடிச்சு, காத்த அந்த அம்மா பக்கமா தள்ளிக்கிட்டே போங்க. உச்சி ஓட்டை வழியா வெளிய போயிரும்," என்றாள்.

துணியைக் கட்டிப்பிடித்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் புதுத் தம்பதி, அவர்கள் பாதி நேரம் துணியின் மேல் உருண்டு விளையாடிவிட்டுப் பின்தங்கிவிட்டார்கள். நான் தள்ளிக்கொண்டே போனேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் முதலில் ஒரு வீடு அளவுக்குக் காற்று இருந்தது. பிறகு ஓர் அறை அளவுக்கு. பிறகு ஒரு கட்டில் அளவுக்கு. அவள் எங்கேயும் போக முடியாது, கையில் கயிறு.

"பல்லுல ஒரு கோளாறும் இல்லயே, நான் கடைக்கு வர்றப்பல்லாம் எதுக்கு நீங்க மாடியில இருக்கீங்கன்னு நெனச்சேன்," என்றாள், என்னைப் பார்க்காமல். "எத்தன நாளா?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷம் வாயத் தெறக்கல. தெறந்தது ஆகாசத்துல."

"கீழ சொன்னா நீ எந்திரிச்சுப் போயிருவ."

அவள் யோசித்தாள். "போயிருப்பேன்."

"இப்பவும் போனியே."

"பஸ் ஸ்டாப் தேடிக்கிட்டுப் போனேன். ஒண்ணத்தையும் காணோம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூக்கின் நுனி சிவந்திருந்தது. "இனிமே நான் உங்கள என்னன்னு கூப்பிடறது?" என்றாள்.

"இத்தன வருஷமா எப்படிக் கூப்பிட்டியோ, அப்படித்தான்."

"அது எங்கண்ணனாலதான வந்துச்சு."

ஆகாயத்தில் சொல்வதற்கு என்னென்னவோ யோசித்த நான் இதை யோசிக்கவே இல்லை. "எனக்கும் தெரியல," என்றேன். "நீ போயிட்டா என்னால முடியாது. அது மட்டும் தெரியும்."

அவள் கயிற்றைத் தளர்த்தாமல் தூரத்தில் சாய்ந்து கிடந்த கூடையைப் பார்த்தாள்.

"அவருக்குக் கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். வெளியூர்ல."

"அதக் கேக்கல. அக்கா, தங்கச்சி?"

"யாருமில்ல."

"நல்லா விசாரிச்சீங்களா? ஒண்ணுவிட்ட தங்கச்சிகூட?"

"ஒருத்தரும் இல்ல."

"அப்ப நாத்தனார்னு வேற யாரும் வரப்போறதில்ல," என்றாள். முழங்கையைத் தூக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். "என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க அண்ணி? தள்ளுங்க. துணி புரண்டுரும்."

நான் இரண்டு கையாலும் துணியை வாரி அணைத்து, மிச்சமிருந்த காற்றின் மேல் அப்படியே குப்புற விழுந்தேன். அது எனக்கு அடியிலிருந்து நழுவி, துணிக்குள்ளே உருண்டு, உச்சி ஓட்டை வழியாக அவள் முகத்தில் போய் அடித்தது. அவள் தலைமுடி எல்லாம் பின்னால் பறந்தது. கழுத்து விசில் எகிறித் தோளுக்குப் பின்னால் போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டாள், கயிற்றை மட்டும் விடவில்லை.